கம்பி கட்டிய தாடைக்கு ஒரு பிறந்தநாள்

டுலூத்தில் பிப்ரவரி.
கூரை விளிம்பில் இறுகிய பனிக்கட்டியைத் தட்டிவிட
ஏணியில் ஏறிய ஆர்லன்
ஏணிக்கு முன்னால் தரைக்கு வந்தான்.
தாடை இரண்டு இடத்தில் விட்டுப்போயிற்று.
மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் பிணைத்து
ஆறு வாரம் என்றார்கள்.

மூன்றாம் வாரத்தில் வந்து நிற்கிறது
ஐம்பத்திரண்டாம் பிறந்தநாள்.
வருஷா வருஷம் ஒரே கேக்தான்.
கடையில் விற்கும் பெட்டி மாவு, மஞ்சள் நிறம்,
மேலே வண்ண வண்ணமாய்ச் சர்க்கரைத் தூவல்.
வேறு எதையும் அவன் கேட்டதில்லை.
இந்த வருஷம் அதையும் கேட்கவில்லை.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காந்தக் கொக்கியில்
கம்பி வெட்டும் குறடு தொங்குகிறது.
'குமட்டினால், மூச்சு அடைத்தால்,
யோசிக்காமல் வெட்டுங்கள்' என்று
நர்ஸ் அதை என் உள்ளங்கையில் வைத்து
விரல்களை மடக்கிவிட்டாள்.
பால் எடுக்கப் போகும்போதெல்லாம்
அது என்னைப் பார்க்கிறது.

பக்கத்து வீட்டு மார்டெல் வழி சொன்னாள்:
'பெட்டி மாவை அப்படியே பாலில் கொட்டி அடி,
கேக் வாசம் தூக்கும்.'
வேகாத மாவு வயிற்றைப் புரட்டினால்?
குறட்டைப் பார்த்தேன்.
ஓவனைச் சூடேற்றினேன்.

கேக் உப்பி எழுந்தபோது
கூடத்து நாற்காலியிலிருந்து
மூக்கு முன்னால் வர
ஆர்லன் பின்னால் வந்தான்.

ஆறிய துண்டு இரண்டு.
வெனிலா ஐஸ்கிரீம் மூன்று கரண்டி.
பால், கண் திட்டத்துக்கு.
ஒரு சிட்டிகை உப்பு.
பிறந்தநாள் அல்லவா என்று
தூவலையும் ஒரு பிடி போட்டேன். அதுதான் தப்பு.
மிக்ஸி அலறி அடங்கியதும்
சிவப்பும் நீலமும் பச்சையும்
ஒன்றை ஒன்று விழுங்கிவிட்டு
ஜாடி நிறையச் சாம்பல்.

பதினெட்டு வருஷம்
நகராட்சிக்குப் பனி அள்ளும் லாரி ஓட்டியவன்
எட்டிப் பார்த்தான்.
வெள்ளைப் பலகையில் எழுதினான்:
'எந்தத் தெரு இது?'

ஸ்ட்ராவை உதட்டில் வைத்து இழுத்தான்.
கன்னம் குழிந்தது. நெற்றி நரம்பு எழுந்தது.
ஒரு கேக் பொருக்கு நடுவழியில் மாட்டியிருக்கிறது.
என் கை குறட்டின் மேல் இருந்தது;
எப்போது அங்கே போனதோ.
அவன் ஒற்றை விரலை ஆட்டினான்:
வேண்டாம், வேண்டாம்.

மறுபடி அடித்தேன், இன்னும் கொஞ்சம் பால் விட்டு.
மாவு சலிக்கும் சல்லடையில் ஊற்றி
கரண்டி முதுகால் தேய்த்துத் தேய்த்து இறக்கினேன்.
கை தேய்த்துக்கொண்டிருக்க
மனசு ஏணியடிக்குப் போய்விட்டது.
அன்றைக்கு நான் கடைசியாகச் சொன்னது:
'ஏறு. விழுந்தால்தான் உனக்கு உறைக்கும்.'
மூன்று வாரமாக அந்தப் பலகையில்
காப்பி கேட்டிருக்கிறான், ரிமோட் கேட்டிருக்கிறான்,
தலையணை உயரத்தைப் பற்றிக்கூட எழுதியிருக்கிறான்.
இதை மட்டும் எழுதவில்லை.
வாய் திறக்கும் நாளுக்கென்று
எடுத்து வைத்திருக்கிறானோ என்னவோ.

மெழுகுவத்தியைச் செருகக் கேக் இல்லை.
மிக்ஸி மூடியின் நடுத்துளையில் நிறுத்தினேன்.
ஊத முடியாதவன்
பலகையை எடுத்து விசிறினான்.
ஒரே வீச்சு, சுடர் போயிற்று.
விசிறிய பக்கத்தில் ஏதோ எழுத்து இருந்தது.
நான் படிப்பதற்குள் சட்டைக் கையால்
துடைத்துவிட்டான்.

பிறகு குடித்தான்.
கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால் இருக்கும்
சின்னச் சந்து வழியாக
ஒரு முழுக் கேக்கின் நான்கில் ஒரு பங்கு
உள்ளே போனது.
கண்ணை மூடிக்கொண்டான்.
அடியில் ஒரு விரற்கடை மிச்சம்.
ஸ்ட்ரா தரையைத் தொட்டு
கர்ர்ர்ர் என்று இரைந்தது.
சாப்பாட்டு மேசையில் இந்தச் சத்தம் கூடாதென்று
பிள்ளைகளைத் திட்டி வளர்த்த வீடு.
'போதும், ஆர்லன்' என்றேன்.

என்னையே பார்த்துக்கொண்டு
ஸ்ட்ராவை இன்னொரு மூலைக்கு நகர்த்தி
இன்னும் உரக்க உறிஞ்சினான்.