காலிக் கட்டம்

உரிமம் புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதத்துத் தொகைக்குப்
பதினாறு லோடு பெங்களூரா வாங்கலாம் என்று
சிகரெட் அட்டையில் கணக்குப் போட்டுக் காட்டினார் முதலாளி.
"மாங்கூழ் கம்பெனிக்கு எதுக்கும்மா குறிசொல்லி?"
ஆரக்கிள் என்றால் அதுதான் அர்த்தம் என்று
யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

பதிலுக்கு யானை.
காசு கேட்காத யானை,
சின்னத்தில் நீலமாக, தும்பிக்கையைத் தொங்கவிட்டு.
தளி, ஜவளகிரிப் பக்கம் யானை என்றால்
தகரம் தட்டுவார்கள், பட்டாசு கொளுத்துவார்கள்.
நான் மாசி மாதத்துச் சனிக்கிழமை ராத்திரி
காவேரிப்பட்டணம் ரோட்டு ஆலையில்
கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தேன்.

சாவி முனிரத்தினத்திடம் இருந்ததால் அவரும் இருந்தார்,
எடைமேடை எழுத்தர்,
போனில் கபடி பார்த்தபடி.

பத்தொன்பது வருஷத்து எடைச்சீட்டுகள் இறங்கின.
நாலு லட்சம். ஐந்து லட்சம்.
ஒரே பழம் தோத்தாபுரி என்றும் பெங்களூரா என்றும்,
ஒரே ஊர் ஐந்து எழுத்துப்பிழையில்.
எல்லாம் வந்து சேர்ந்ததாகத் திரை சொன்னது.
எண்ணிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.

இரண்டரை மணிக்குச் சோதனை அச்சு.
எடை இருக்கிறது, விலை இருக்கிறது,
காசோலை எண் இருக்கிறது.
பெயர் இருக்க வேண்டிய இடம் மட்டும்
வெள்ளையாக.
இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.

கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது.
பழையதில்
இல்லாத ஒன்றை எதனோடு சேர்த்தாலும்
இருப்பது மிஞ்சும்.
புதியதில்
தெரியாத ஒன்றை எதனோடு சேர்த்தாலும்
மொத்தமும் தெரியாததாகிவிடும்.
மாதம்மாள், க/பெ, பிறகு காலிக் கட்டம்:
கணவன் பெயர் இல்லாததால்
மாதம்மாளும் இல்லை.

யானையைக் குறை சொல்ல முடியாது.
கணக்குப்படி அது நேர்மை.
ஆனால் ஆறு டன் பழம் போட்டவள்
எங்கே போனாள்?

ஒரே வரி போதும், எல்லாக் கட்டத்தையும்
வெற்று என்று நிரப்பிவிடலாம்.
விரல் விசைக்கு மேலே நின்றது.
முனிரத்தினம் எட்டிப் பார்த்தார்.
"அது தெரியாம விட்டதில்லம்மா.
நான்தான் பதிஞ்சேன்.
வூட்டுக்காரர் பேரு என்னன்னு கேட்டேன்,
எழுதாதேன்னுச்சு."

அடுத்த வரி.
"இவனுக்கு அப்பா பேரு அவனுக்கே தெரியாது."
அடுத்தது.
"இது... அன்னிக்கு கரண்டு இல்ல. நான் மறந்தது."

இத்தனை வருஷம் மூன்றும் ஒரே பெட்டியில் கிடந்தன.
இப்போது இரண்டுக்கு இடம் இருக்கிறது:
தெரியாதது ஒன்று.
வேண்டாம் என்றது இன்னொன்று,
இரண்டு மேற்கோள் குறிகள், நடுவில் எதுவும் இல்லாமல்.
மறந்ததற்கு எந்த மென்பொருளிலும் இடமில்லை.
அவற்றை அவர் டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டார்,
திங்கட்கிழமை போன் போட.
கபடியில் யார் ஜெயித்தார்கள் என்று
இருவருக்கும் தெரியாமல் போனது.

சித்திரையில் சந்தூரிலிருந்து முதல் லாரி.
எடைமேடை மறுத்தது:
சீட்டு எண் ஒன்று ஏற்கெனவே உண்டு.
எல்லாவற்றையும் கொண்டுவந்த நான்
எண்ணிக்கை எங்கே நின்றது என்று
யானையிடம் சொல்ல மறந்திருக்கிறேன்.
பின்னால் ஏழு வண்டி ஹாரன்.
முதலாளி தலை ஜன்னலில்.
ஒரு வரி அடித்தேன், ஓடியது.

மூன்றாவது வண்டி மாதம்மாளுடையது.
சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
பெயரை அல்ல.
"கழிவு நாப்பது கிலோவா? எந்தக் கணக்குல?"