காத்துல நிக்குது

கொச்சியில் நான் போய் இறங்கும்போதே
இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.
"உங்களுக்காகத்தான் ஸ்டார்ட் போட்டு வெச்சேன்" என்றார்.
மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

ஆறே முக்கால் லட்சம்.
அந்தப் பணத்துக்குப் புது வண்டி என்றால்
யாரும் திரும்பிப் பார்க்காத ஒன்றுதான் கிடைக்கும்.
இது பென்ஸ். பன்னிரண்டு வயது. கறுப்பு.
அருமனை ஜங்ஷனில் ரசலையன்
தூக்கிய ஏத்தங்குலையைக் கீழே வைத்துவிட்டு
நிமிர்ந்து நின்று பார்த்தான்.
அந்த அரை நிமிடத்துக்கே
மிச்சம் கடனைச் சந்தோஷமாக அடைக்கலாம் என்றிருந்தது.

மூன்றாம் நாள்
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டக் கிளம்பினேன்,
மணி நாலு.
முற்றத்தில் வண்டியைக் காணவில்லை.
இருந்தது. தரையோடு தரையாக,
முன்னங்கால் மடக்கிய எருமைபோல
அசைபோடாமல் படுத்திருந்தது.

"ஏர் சஸ்பென்ஷன்" என்றான் வெட்டுமணி சுபின்.
"இதுக்குக் காலுல ஸ்பிரிங் கிடையாதுண்ணே.
ரப்பர் பை. அதுக்குள்ள காத்து.
இந்தக் கனமெல்லாம் காத்துல தான் நிக்குது."
பை ஒன்றுக்குத் தொண்ணூற்றிரண்டாயிரம்.
ஜோடியாகத்தான் மாற்றணுமாம்.

ரப்பரா, என்று கேட்டேன்.
அவன் இன்னொரு முறை சொன்னான்.

இருநூற்று நாற்பது மரம் எனக்கு.
ஷீட்டு கிலோ நூற்றெண்பத்து மூன்று.
கிழிந்த பையை வாங்கிக்கொண்டு வந்து
ஷீட்டு நிறுக்கும் தராசில் வைத்தேன்.
இரும்பு வளையம் சேர்த்து ஒன்றே முக்கால் கிலோ.
ஐந்நூற்று மூன்று கிலோ போய்
ஒன்றே முக்கால் கிலோவாய்த் திரும்பி வந்திருக்கிறது,
போன வழியில் என்ன சாப்பிட்டதோ.
மறுநாள் கத்தி வைக்கும்போது
மரத்தின் முகத்தைப் பார்க்கவில்லை நான்.

பிறகு லாரி டியூபை வெட்டி
ஒட்டுப்போட்டுத் தந்தான் சுபின்.
பதினொரு நாள் நின்றது.
ஓட்டைப் பையை ஊதி ஊதியே
கம்ப்ரஸர் எரிந்தது: முப்பத்தெட்டு.
வயரை அணில் தின்றது: பதினாறு.
பின்கண்ணாடி பாதியில் நின்றுவிட்டது,
அதை விசாரிக்கவே போகவில்லை.

ஜெசிந்தா ஒன்றும் சொல்லவில்லை.
சங்கிலியைக் கழற்றித் தந்தாள்,
கூட்டுறவு வங்கி ரசீதை பைபிளுக்குள் வைத்தாள்.
சர்ச்சுக்கு மட்டும் மினிபஸ்ஸில் போனாள்.
"பஸ்ஸுன்னா எறங்கினப்பொறவு
அது எனக்க பாடு இல்லல்லா."

ஆனால் ஒன்று சொல்லணும்.
கதவைச் சாத்தினால் மழை கேட்காது.
தேங்காப்பட்டணம் பாலத்தில் ஒரு ஆடி மாலை,
கடல் வாயைத் திறந்து திறந்து மூடுகிறது,
சத்தமே இல்லை.
பின்னால் ஏலச்சீட்டு மணியன்
மூன்று தடவை ஹார்ன் அடித்தானாம்.
அதுவும் கேட்கவில்லை.

இன்று தூத்தூரிலிருந்து பிரபின் என்று ஒரு பையன்,
இரண்டு பஸ் மாறி வந்தான்.
தங்கச்சிக்குக் கல்யாணமாம்,
வெயில் குடித்த கையால்
பானட்டைத் தொட்டான், குழந்தை நெற்றியைத் தொடுவதுபோல.
எட்டு மணிக்கே ஸ்டார்ட் போட்டு
தூக்கி நிறுத்தியிருந்தேன்.
"ஓட்டத்துலயே வெச்சிருக்கீரே" என்றான்.

கொச்சிக்காரரின் வாக்கியம்
என் நாக்கில் தயாராக இருந்தது,
தமிழிலேயே.

சாவியைத் திருப்பி அணைத்தேன்.
"இரியும். ஒரு கட்டஞ்சாயை குடிச்சிட்டுப் பேசுவோம்."
"களியக்காவிளையில குடிச்சாச்சு அண்ணே."
"இன்னொண்ணு குடியும்."

ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள்,
உள்ளே போய்
பெரிய டம்ளரில் கொண்டுவந்து வைத்தாள்.

டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே
நாலு விரல் இருந்தது.
அவன் ஊதி ஊதிக் குடித்தான்.
மூணரை விரல்.
நல்ல சூடு.