ஐந்து கட்டத்துக்கு ஒரு முள்

இரவு இரண்டே கால்.
தருமபுரி பெரிய ஆஸ்பத்திரி.
ஜெல் தீர்ந்துபோயிருந்தது.
உப்புத் தண்ணீர் தொட்டுத்தான் ஒட்டினேன்
மாதேசனின் நெஞ்சில் ஆறு கிண்ணங்களை.
ஆறாவது வழுக்கிக்கொண்டே இருந்தது.

பெட்டி வெச்சு எட்டு மாசம், சேலத்துல,
என்றாள் சென்னம்மா.
மூணு நாளா தலை சுத்துதுன்னார்.
இன்னிக்கு சோத்துத் தட்டு மேலயே சாஞ்சுட்டார்.

இயந்திரம் தாளின் தலையில் தன் தீர்ப்பை அச்சடித்தது:
பேஸ்மேக்கர் துடிப்பு. நிமிடத்துக்கு அறுபது.

பதினோரு வருஷமாய் இந்த ரோஸ் நிறத் தாளைக்
கிழித்துக் கொடுப்பது மட்டும்தான் என் வேலை.
படிக்கிறவர்கள் வேறு.
ஆனாலும் கண் சும்மாவா இருக்கும்.

முள் இருந்தது.
மிளகாய்க் காம்பு அளவில்,
ஐந்து பெரிய கட்டத்துக்கு ஒன்று, பிசகாமல்.
முள்ளை ஒட்டி எழ வேண்டிய
அந்த அகலமான, கோணல் மேட்டைக் காணோம்.
அது தனியாக வந்துகொண்டிருந்தது,
ஒன்பது கட்டத்துக்கு ஒரு தரம்,
யாரும் கூப்பிடாமல்,
தன் பழைய சோம்பலில்.

ஓரிடத்தில் முள்ளும் அலையும் ஒட்டி நின்றன.
அப்பாடா என்றேன்.
அடுத்த வரியில் பிரிந்துவிட்டன,
நாலு ரோட்டில் ஒரே சிக்னலுக்கு நின்ற
பாலக்கோடு பஸ்ஸும் அரூர் பஸ்ஸும் போல.

மானிட்டர் அறுபது அறுபது என்றே கூவியது.
முள்ளை எண்ணுகிறது அது,
அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
டாக்டர் ஷாகிதா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.
முழுசாய் ஒரு நிமிடம்.
முப்பத்திமூணு, என்றார். எங்களிடம் இல்லை.

பிறகுதான் தோள் கண்ணில் பட்டது.
போர்வைக்கடியில் இடது தோள்
ஒவ்வொரு முள்ளுக்கும் ஒரு துள்ளல்.
குளிருதா ஐயா?
இல்லீங்க, ஒரு வாரமா இப்படித்தான்.
தோள் துடிச்சா என்ன பலன்னு காலண்டர்ல பார்த்தோம்.
நல்லதாகத்தான் போட்டிருந்ததாம்.

பெட்டியைத் தொடுவீங்களா?
ஐயோ, தொடவே மாட்டேன், என்றார்.
அவர் வலது கை அப்போதே அங்கே இருந்தது,
காறை எலும்புக்குக் கீழே,
கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்
தோலுக்கடியில் எதையோ உருட்டியபடி.

தூக்கத்துலயும் உருட்டுவார், என்றாள் சென்னம்மா.
இருபத்தாறு வருஷம் பட்டுக்கூடு அங்காடியில்
கூடு உருட்டித் தரம் பார்த்த கை.
மெல்லிசா, கெட்டியா,
உள்ளே புழு செத்திருக்கா,
காதோரம் ஒரு குலுக்கு, ஏலத்துக்கு ஒரு விலை.

எக்ஸ்ரே வந்தது.
வெளிச்சப் பலகையில் செருகிவிட்டு
நாங்கள் இரண்டு பேரும் பேசவில்லை.
பெட்டியைச் சுற்றிச் சுற்றிச் சுற்றி
கம்பி.
இதயத்தின் அடியில் ஊன்றி வைத்த நுனி
தோள் தசைக்கு வந்து கிடந்தது.
கூட்டிலிருந்துதான் நூல் பிரியும்.
இங்கே கூடு
விட்ட நூலையெல்லாம் திரும்ப இழுத்துச் சுற்றிக்கொண்டது.

பெட்டி ரிப்பேருங்களா?
இல்லை ஐயா. நல்லா வேலை செய்யுது.
கதவு இல்லாத இடத்துல தட்டிக்கிட்டிருக்கு.
டாக்டர் சொன்னது அவருக்குப் புரிந்ததோ என்னவோ,
திங்கக்கிழமை ஏலம் இருக்குங்களே, என்றார்.

கழுத்து வழியாகத் தற்காலிகக் கம்பி இறங்கியது.
இரண்டாவது தாளை எடுத்தேன்.
முள். உடனே மேடு.
முள். உடனே மேடு.
இவ்வளவு கோணலான ஒன்றை
அழகு என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

சேலத்துக்கு ஆம்புலன்ஸ் சொல்லியாயிற்று.
கையைக் கட்டிலோடு கட்டிவிடலாமா என்று நர்ஸ் கேட்டபோது
சென்னம்மா மஞ்சள் பைக்குள் துழாவினாள்:
மாத்திரை அட்டை, ரேஷன் கார்டு, சில்லறை,
அடியில் ஒரு வெள்ளைக் கூடு.
எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.
விரல்கள் பார்க்காமலே வாங்கிக்கொண்டன.

மெல்லிசு, என்றார் மாதேசன்
ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி.
இதுக்கு யாரும் விலை கேக்க மாட்டான்.