சங்கரா மீன் வாங்கிய வகையில்

ஐயா, அல்லது அம்மா,
உங்கள் கடிதத்தில் கையெழுத்து இல்லை.
கணினியே அனுப்பியதாம்.
எங்களுக்குக் கணினிமேல் வருத்தமில்லை.

வரிவிலக்கு மனுவில் நீங்கள் கேட்ட ஒன்பதில்
எட்டுக்கு ஆடிட்டர் எழுதிவிட்டார்.
சங்கப் பதிவு, பான் அட்டை, பாஸ்புக் நகல்,
கொருக்குப்பேட்டை லேத் பட்டறை மாடியை
வாடகை வாங்காமல் விட்டதாக எத்திராஜ் தந்த கடிதம்,
எல்லாம் இணைப்பில்.
கடைசியை மட்டும்
"நீயே எழுதும்மா, எனக்குச் சிரிப்பு வருது"
என்று என் பக்கம் தள்ளினார்.
நான் பொருளாளர். பகலில்
காசிமேட்டு ஐஸ் கம்பெனியில் கணக்கு.

ஆகஸ்டு பதினேழு, மீன் வாங்கிய வகையில்
ரூபாய் நானூற்று இருபது.
(தொகை அப்படி அமைந்தது தற்செயல்.)
இது இளைஞர் ரோபோ மன்றத்தின் நோக்கத்தோடு
எவ்வாறு தொடர்புடையது?
உறுப்பினர் எவரேனும் பயனடைந்தனரா?

தொடர்புடையது.
பத்தாம் வகுப்பு ஜெனிட்டா ஒரு கை செய்தாள்.
மூன்று விரல், இரண்டு மோட்டார்,
இரண்டும் செத்த பிரிண்டரில் கழற்றியவை.
ஐஸில் கைவிட்டு மீன் பிரிப்பவர்களுக்கு
மார்கழியில் நகக்கண் வெடிக்கும்.
அவள் வீட்டில் இரண்டு பேருக்கு.

ஸ்பாஞ்சில் பழக்கினோம், தக்காளியில் பழக்கினோம்
(தக்காளி முப்பது ரூபாய், நீங்கள் கேட்கவில்லை).
மீன் வேறு. வழுக்கும்.
முதல் சங்கராவை நசுக்கியது.
இரண்டாவதை நழுவவிட்டது.
மூன்றாவதைத் தூக்கி, இடப்பக்கம் திரும்பி
டில்லிபாபு மடியில் போட்டது.
இடப்பக்கம் திரும்பச் சொல்லவேயில்லை,
இன்னும் திரும்புகிறது.
பதினோராவது, ஒரு செதில் உதிராமல்
கூடைக்குப் போய்ச் சேர்ந்தது.
வீடியோ இருக்கிறது. அதில் கத்துவது நான்.

வவுச்சரில் மை கலைந்திருப்பது
பவுலின் அக்காவின் ஈரக்கை.
ஏலத்தில் யாரும் பில் போடுவதில்லை.

பயனடைந்தனரா என்பதற்கு
மூன்று முறை எழுதி அடித்தேன்.
ஆடிட்டர் சொல்லித்தந்த வாக்கியம்:
சோதனைக்குப் பின் பொருள் அழிக்கப்பட்டது.
உண்மைதான்.
பட்டறையின் ஒற்றை அடுப்பில்
தேசப்பன் வீட்டு மிளகாய்த்தூள் போட்டு
புளி கரைத்து
பதினான்கு பேர்
அழித்தோம்.

விதி இருபத்திரண்டு எங்களுக்குப் பாடம்.
மன்றம் கலைந்தால் சொத்தில் ஒரு ஸ்க்ரூவும்
எங்களுக்கு வராது,
இதே நோக்கமுள்ள வேறொரு மன்றத்துக்குப் போகும்.
அதை வாசித்த அன்று டில்லிபாபு கேட்டான்,
"கலைஞ்சா கையும் பூடுமா?"
ஜெனிட்டா எதையோ முடுக்கிக்கொண்டிருந்தாள்,
நிமிரவில்லை.
"போவட்டுமே. எங்கயாவது
எதையாவது புடிச்சிக்கினு இருக்கும்ல."

மணலியில் ஒரு கம்பெனி
எண்பது ஜி இருந்தால் நல்ல மோட்டார் தருகிறதாம்.
இல்லாவிட்டால் பாராட்டுகிறதாம்.

ஆகவே, பயனடைந்தோம்.
உப்பு கொஞ்சம் தூக்கல்.
நானூற்று இருபதை என் சம்பளத்தில்
மன்றக் கணக்கில் கட்டிவிட்டேன், ரசீது எண் முப்பத்தொன்று.
இப்படிக்கு.

ஆடிட்டர் பார்த்தால் பாதியை வெட்டுவார்.
கெடு இன்றிரவு பன்னிரண்டு மணி.
அனுப்பும் பொத்தானுக்கு மேலே
ஒரு சின்னக் கட்டம்:
நான் ரோபோ அல்ல.
ஜெனிட்டா எட்டிப் பார்க்கிறாள்,
சிரிப்பை அடக்கிக்கொண்டு
அந்தக் கையைத் தூக்கிவந்து
மௌஸ்மேல் வைக்கிறாள்.

அழுத்தாமல், நசுக்காமல், பிடிக்கிறது.
பிறகு மெதுவாக
இடப்பக்கம் திரும்புகிறது.