நூலகத்தின் கீழ்த்தளம், மாலை ஆறு மணி

இருபது நாற்காலி போட்டேன்.
மூன்று பேர் வந்தார்கள்.

மொன்டானாவில் பிப்ரவரி.
நூற்றுப்பத்து மைல் பனியில் ஓட்டி வந்த
அரசாங்கக் காரின் பின்சீட்டில்
இன்னும் பிரிக்காத துண்டறிக்கைக் கட்டுகள் நான்கு.

முன்வரிசையில் ஒருவர்,
ஹீட்டருக்காக வந்தவர்; அப்படித்தான் நினைத்தேன்.
அடுத்தவர் பயறு விவசாயி.
வரிகளைப் பற்றி யாரையாவது திட்ட வேண்டும் அவருக்கு;
நான் கிடைத்தேன்.
மூன்றாமவர் கதவோரம்.
கோட்டைக் கழற்றவில்லை,
வண்டிச் சாவியையும் கீழே வைக்கவில்லை.

கடனுக்கு உத்தரவாதம் என்றேன்.
வாங்கியவர் பணம் தராவிட்டால் காப்பீடு என்றேன்.
இலவச ஆலோசனை என்று ஏழு முறை சொன்னேன்.
இலவசம் என்றால் இந்த ஊரில்
திருப்பிப் பார்ப்பார்கள், அடியில் என்ன ஒட்டியிருக்கிறதென்று.

கேள்விகள் உண்டா?
ஹீட்டர்தான் முனகியது.

நாற்காலிகளை மடித்துவிட்டு வெளியே வந்தால்
கதவோரத்துப் பெண், இங்கெர் ஸ்கோக்ஸ்டாட்,
தன் பிக்கப்பின் பக்கத்தில் நின்றிருந்தார்.
"நான் ஏற்றுமதியாளரெல்லாம் இல்லை.
என்னிடம் ஒரு கொட்டகை இருக்கிறது.
ஆட்டுக் குளம்பு சீவும் கத்தரி செய்கிறோம்,
நானும் மைத்துனனும்.
வெள்ளிக்கிழமை மட்டும் இன்னொரு பையன்."

நாலாய் மடித்த ஒரு தாளை நீட்டினார்.
அச்செடுத்த மின்னஞ்சல்.
கிர்கிஸ்தானில் ஒரு கூட்டுறவுச் சங்கம்.
உங்கள் கத்தரி ஒன்று எப்படியோ எங்கள் கைக்கு வந்தது.
நானூறு வேண்டும். பணம் எப்படி அனுப்புவது?

தேதியைப் பார்த்தேன். பதினோரு மாதம்.

"ஏமாற்றுக்காரர்கள் என்று நினைத்தேன்.
தூக்கிப் போடவும் மனசு வரவில்லை.
ஏமாற்றுகிறவன்
சுருள்வில்லைப் பற்றி இவ்வளவு சரியாகக் குறை சொல்வானா?"

பானெட் மேல் தாளை விரித்து,
சங்கம் உண்மைதானா என்று யாரைக் கேட்பது,
எந்தப் படிவம், எந்த எண்...
ஒன்றரை மணி நேரம் உள்ளே பேசியதை
எட்டு நிமிடத்தில் சொன்னேன்.
கையுறையைக் கழற்றி எழுதிக்கொண்டார்.

சங்கம் உண்மை.
மார்ச்சில் பதில் வந்தது:
காத்திருந்தோம், பிறகு வேறிடத்தில் வாங்கிவிட்டோம்.
அவை வளைகின்றன.
இப்போதைக்கு நாற்பது அனுப்ப முடியுமா?

நாற்பது.
என் மாதாந்திர அறிக்கையில்
அவ்வளவு சின்ன எண்ணுக்குக் கட்டம் கிடையாது.

துண்டறிக்கையின் முதல் வரி:
தகுதியுள்ள சிறு நிறுவனங்கள் உலகச் சந்தையில் நுழைந்திட.
நான் எழுதியதுதான். ஐந்து வருடமாக அச்சிடுகிறோம்.
கொட்டகை வைத்திருக்கும் யாரும்
அதில் தன்னைப் படித்திருக்க மாட்டார்.

அடுத்த ஊரில், தீவனக் கடைக் கண்ணாடியில்
கையால் எழுதி ஒட்டினேன்:
வெளிநாட்டிலிருந்து யாரோ உங்கள் பொருளைக் கேட்டு,
பதில் போடாமல் வைத்திருக்கிறீர்களா?
அதை எடுத்து வாருங்கள். காபி உண்டு.

எட்டு நாற்காலிதான் போட்டேன்.
ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில்
அந்த முன்வரிசைக்காரர் உள்ளே வந்தார்,
எழுபது மைல் தாண்டி.
இங்கே ஹீட்டர் கிடையாதே என்றேன்.
தெரியும் என்றார்,
சட்டையின் உள்பையைத் தடவியபடி.