பட்டுச்சு

பெயிண்ட் கிடையாதுக்கா, என்றான் கவுன்டர் பையன்.
சட்டையில ஒண்ணும் ஒட்டாது.
பட்டா நீங்களே கையத் தூக்கி
‘பட்டுச்சு’ன்னு சொல்லிட்டு வெளிய வந்துடணும்.
நாங்க யாரும் பாக்க மாட்டோம்.

ஜெரூஷா தலையாட்டினாள்,
ஞாயிறு வகுப்பில் ஆட்டுகிற அதே ஆட்டம்.
இன்றைக்கும் ஞாயிறுதான்.
எனக்குக் காய்ச்சல் என்று பாஸ்டரம்மாவுக்கு
விடிகாலையே செய்தி அனுப்பிவிட்டேன்.

சேர்க்காட்டுக்கு அப்பால் கைவிட்ட கல்குவாரி.
பாதி அறுத்து மறந்த பாறைகள், லாரி டயர்கள், தார் டிரம்,
கதவில்லாத ஒரு மாருதி வேன்.
பத்து மணிக்கே பாறையில் வைத்த கை
தானாகத் திரும்பி வந்தது.

ஆளுக்கு முந்நூற்றைம்பது. முகமூடி, கண்ணாடி,
யாரோ வியர்த்த மார்க்கவசம்.
மிளகைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைக் குண்டுகள்
ஒரு சோடா பாட்டில் நிறைய.
குடியாத்தத்து அப்பா ஒருவர், அவருடைய இரட்டையர்கள்,
கல்லூரிப் பையன்கள் நாலு பேர்.
‘நான் அந்தப் பக்கம்மா’ என்றாள்.
கேட்கவில்லை. சொன்னாள்.

பன்னிரண்டு வயதுக்கு இவ்வளவு சத்தமில்லாமல்
நடக்கத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.
வீட்டில் தட்டு வைத்தால் தெருவுக்கே கேட்கும்.

வேனுக்குப் பின்னால் குந்தியிருந்தேன்.
முழங்காலுக்கடியில் குவாரித் தூள்.
அப்போதுதான் பின்கழுத்தில்
சுருக்கென்று.

கை பாதி தூரம் எழுந்தது.
சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.
எழுந்த கையால் முகமூடியின் வாரைச் சரிசெய்தேன்.

ஏன் என்று கேட்காதீர்கள்.
போன மாதம் சூப்பர்வைசர் நாற்காலி கைமாறியபோதும்
கையைக் கீழேதான் வைத்திருந்தேன்.
இது அதற்காகவா, தெரியவில்லை.
இன்னும் கொஞ்ச நேரம் ஆட்டத்தில் இருக்க ஆசை.
அவ்வளவுதான்.

டிரம்முக்கும் டயருக்கும் நடுவே
ஒரு குதிரைவால் தெரிந்தது.
சுட்டேன்.
தோளில் பட்டதா, காற்றில் போனதா,
எனக்கே நிச்சயமில்லை.
‘பட்டுச்சு!’
இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு
வெயிலுக்குள் நடந்து போனாள், சிரித்தபடி.

எங்கள் அணி ஜெயித்தது.
கவுன்டர் பையன் எனக்கு ஒரு சாவிக்கொத்து கொடுத்தான்,
அதில் தொங்கியது ஒரு பித்தளைத் தோட்டா.

திருவலத்துக்கு முன்னால் ஒரு தள்ளுவண்டியில்
பன்னீர் சோடா குடித்தோம்.
கழுத்தைத் துடைக்கக் குனிந்தேன்.
‘இரும்மா’ என்றாள்.

ராணிப்பேட்டை ஃபினிஷிங் செக்‌ஷனில்
பதினோரு வருடமாக விளக்கடியில்
நான் செய்யும் வேலை அது:
கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடித்து
உண்ணி கடித்த தடம், முள் கிழித்த கோடு,
சூடு போட்ட வட்டம்,
ஒவ்வொன்றையும் சாக்பீஸால் சுழித்து
ஏ, பி, ரிஜெக்ட்.
விடுமுறை நாட்களில் என்னோடு வந்து
ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள்.

இப்போது அவள் கட்டைவிரல் என் பின்கழுத்தில்.
இழுத்தாள். பார்த்தாள்.
விரலாலேயே ஒரு சுழி.

‘பி’ என்றாள்.

அதற்குமேல் ஒரு சொல் இல்லை.
மிச்ச சோடாவைக் குடித்தாள்.
கோலியை ஆட்டிப் பார்த்துவிட்டு
பாட்டிலைக் கொண்டுபோய் வைத்தாள்.
அவள் சுட்டதா,
இரட்டையரில் ஒருவனா,
கேட்க எனக்கு வாயில்லை.

பொன்னை ஆற்றில் மணலும் நாணலும்தான்.
பாலத்தில் ஸ்கூட்டர் மெதுவாக ஊர்ந்தது.
அவள் கன்னம் என் முதுகில்,
தூங்குகிறாளா, இல்லையா.

பாலத்தின் பாதியில்
ஹேண்டில்பாரிலிருந்து இடது கையை எடுத்துத்
தலைக்கு மேலே தூக்கினேன்.
‘பட்டுச்சு.’

பின்னால் வந்த மணல் லாரிக்காரன்
நான் திரும்பப் போகிறேன் என்று நினைத்து
பிரேக் போட்டான்.
பாலத்தில் எங்கே திரும்புவது?
ஹாரன் அடித்தான், விடாமல் அடித்தான்.
என் இடுப்பைச் சுற்றியிருந்த கை
கொஞ்சம் இறுகியது.