அலறல் சோதனை

அக்கினி நட்சத்திரத்தில்
ஸ்வெட்டரோடு வேலைக்குப் போகிறவள்
சேதராப்பட்டில் நான் ஒருத்திதான்.
கேட்டில் அந்துவான் அண்ணன் தினமும் கேட்பார்:
"ஊட்டிக்கா மேடம்?"

உள்ளே பதினெட்டு டிகிரி.
கையேட்டில் இல்லாத, ஒப்பந்தத்தில் இல்லாத பதினெட்டு.
எனக்கு முன்னால் இருந்தவர் வைத்திருந்தார்,
அவருக்கு முன்னால் இருந்தவர் வைத்திருந்ததால்.
இருபத்தைந்திலும் இந்த சர்வர்கள் சொகுசாக ஓடும் என்று
செய்தவன் எழுதிக் கொடுத்த தாள்
பிரிக்காத கவரில் கிடந்தது.

கணக்குப் போட ஒரு யூனிட்,
போட்டவனைக் குளிர்விக்க இன்னொரு யூனிட்.
சாப்பிடுகிறவனுக்குச் சமமாய்
விசிறுகிறவனுக்கும் இலை போடுகிற பந்தி.

வில்லியனூர் பஸ் டிக்கெட்டைக் கிழித்து
இரண்டு விரலில் பிடித்தபடி
ரேக் ரேக்காய் நடந்தேன்.
பல் விழுந்த இடங்களிலெல்லாம் டிக்கெட் துடித்தது.
எந்த இயந்திரத்தையும் தொடாமல்,
கூலியை மட்டும் வாங்கிக்கொண்டு,
குளிர்காற்று குறுக்கே ஓடி
சூட்டுச் சந்தில் கலந்துகொண்டிருந்தது.

முதலில் அட்டைப்பெட்டி வெட்டி அடைத்தேன்.
பிறகு மேட்டுப்பாளையம் பட்டறையில் தகடு.
வாரத்துக்கு அரை டிகிரியாக ஏற்றினேன்.
"ஒரு டிஸ்க் செத்தாலும்
உங்க பேர்லதான் மெயில் போகும்"
என்றார் வைத்தீஸ்வரன் சார்.
எதுவும் சாகவில்லை.
நான்தான் மூன்று மாதம் சரியாகத் தூங்கவில்லை.

பதினோராம் ரேக்கில், கீழிருந்து மூன்றாவது:
பாதி அழிந்த லேபிளில்
"…ல் ஏலம். அணைக்காதே."
ஆறு வருஷமாய் யாரும் அணைக்கவில்லை.
நள்ளிரவுதோறும் கணக்கு முடிக்கிறது.
வரவு பூஜ்யம்.
செலவு பூஜ்யம்.
அந்தப் பூஜ்யத்துக்கு ஒரு நகல் எடுத்து
அடுத்த சர்வரில் பத்திரப்படுத்துகிறது.

வாடிக்கையாளர் எண் உபயோகத்தில் இல்லை.
ஞாயிற்றுக்கிழமை கடலூர் ஓ.டி. வரை போனேன்.
அந்த விலாசத்தில் இப்போது ஐஸ் கடை.
பார்களின்மேல் உமி கொட்டி
ஈரச்சாக்கால் இறுக்கி மூடியிருந்தார்கள்,
எங்களைவிட ஒழுங்காக.
ஏலக் கம்பெனியா, அது எப்பவோ போச்சே
என்றவன், பத்து ரூபாய்க்கு ஐஸ் வேணுமா என்றான்.

எங்கள் தொழிலில் இதற்கொரு சோதனை உண்டு:
கேபிளைப் பிடுங்கிவிட்டு
யார் அலறுகிறார்கள் என்று காத்திருப்பது.
முப்பது நாள்.
மூன்றாம் நாள் போன் அடித்தது; பர்சனல் லோன் வேண்டுமா.
இருபதாம் நாள் புயல் எச்சரிக்கை,
இரண்டு டேங்கர் டீசல், ஒரு முழு இரவு.
கேபிள் இல்லாமலும் அது
வரவு பூஜ்யம் என்றே எழுதிக்கொண்டிருந்தது.

முப்பதாம் இரவு பொத்தானை அழுத்தினேன்.
விசிறி நின்று முடிக்கப் பதினோரு விநாடி.
இத்தனை இரைச்சலில்
அந்த ஒரு மௌனம் எனக்கு மட்டும் கேட்டது
என்று எழுத ஆசைதான்.
கேட்கவில்லை.
பட்டியலில் இன்னும் பதினேழு இருந்தன.

மாதம் ஒன்பதாயிரம் யூனிட் மிச்சம்.
மந்தாரக்குப்பத்தில் இருக்கிற மச்சானுக்குப் போன் போட்டேன்.
சுரங்கத்தில் பெல்ட்டுக்குக் காவல் அவருக்கு.
"உங்க பழுப்புக் கரியில ஒரு லாரி
மாசாமாசம் மண்ணுக்குள்ளயே இருக்கும் மச்சான்."
அந்தப் பக்கம் பெல்ட்டின் ஓசை.
"லாரியா?" என்று சிரித்தார்.
"நீ பேசி முடிக்கறதுக்குள்ள
எத்தனை லாரி போயிருச்சு தெரியுமா?"

வைத்தீஸ்வரன் சார் எல்லோருக்கும் கேசரி வாங்கித் தந்தார்.
திரையில் இறங்கும் கோட்டைத் தடவிக் காட்டி
மிச்சமான கரன்ட்டில்
இன்னும் இருபது ரேக் வைக்கலாம் என்றார்.
ஆர்டர் ஏற்கெனவே வந்துவிட்டதாம்.
வாயில் கேசரி இருந்ததால்
நான் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது இருபத்து நாலு.
ஸ்வெட்டர் நாற்காலியின் முதுகில் தொங்குகிறது.
"ஊட்டி கேன்சலா?" என்கிறார் அந்துவான் அண்ணன்.

காலையிலிருந்து புது ரேக்குகள் இறங்குகின்றன,
தெர்மகோல் துகளும் பெயின்ட் வாசனையுமாய்.
முதல் ரேக்கிலேயே மூன்று பல் இல்லை.
பைக்குள் கைவிட்டு
இன்றைய டிக்கெட்டைத் தேடுகிறேன்.